கலர் கார்டு ஷோ மியூசிக்: எந்த ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் உங்களுக்கு செட் ஆகும்?

கொடி, மரத்தில் செய்த டம்மி ரைஃபிள், கூர் இல்லாத வாள். இந்த மூன்றையும் சுழற்றி, மேலே வீசி, பிடித்து, நடுநடுவே நடனமும் ஆடினால் அதுதான் கலர் கார்டு. ராணுவத்தில் படைப்பிரிவின் கொடியைக் காத்து நின்ற வீரர்களிடமிருந்து வந்த பெயர் இது. இன்று அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளில் செம டஃப்பான போட்டிக் கலையாக வளர்ந்து நிற்கிறது.

இலையுதிர் காலத்தில் ஃபுட்பால் மைதானத்தில் மார்ச்சிங் பேண்டோடு சேர்ந்து ஆடுவார்கள். அங்கே இசை லைவ். குளிர்காலம் வந்துவிட்டால் கதையே வேற. பள்ளி ஜிம்முக்குள் பெரிய வினைல் விரிப்பைப் போட்டு, ரெக்கார்டு செய்த இசைக்கு ஆட வேண்டும். இதற்குப் பெயர் வின்டர் கார்டு. 1977-ல் தொடங்கப்பட்ட 'வின்டர் கார்டு இன்டர்நேஷனல்' அமைப்பு நடத்தும் இறுதிச் சுற்றுக்காக ஓஹியோ மாநிலத்தின் டேட்டன் நகருக்குக் குழுக்கள் திரண்டு வரும்.

பேண்ட் இல்லை என்பதால், ஷோவின் மொத்த இசையையும் யாராவது ஒருவர் லேப்டாப்பில் உட்கார்ந்து வெட்டி ஒட்டியாக வேண்டும். பல குழுக்களில் அது பயிற்சியாளரின் வேலை. சில நேரம், 'உனக்குத்தான் கம்ப்யூட்டர் நல்லா வருமே' என்று ஒரு மாணவர் தலையில் வந்து விழும். அவருக்கு எந்த சாஃப்ட்வேர் சரிப்படும்?

முதலில் ஒரு கணக்கு

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 120 கவுன்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கவுன்ட் அரை விநாடி. வீசிய ரைஃபிள் மூன்று கவுன்ட் கழித்துக் கைக்கு வர வேண்டும் என்றால், அது காற்றில் 1.5 விநாடி இருக்க வேண்டும். அதற்குக் கையிலிருந்து சுமார் 2.75 மீட்டர் உயரம் போயாக வேண்டும்.

இப்போது 'இன்னும் கொஞ்சம் எனர்ஜி வேணும்' என்று பாட்டை 5 சதவிகிதம் வேகமாக்கி 126-க்குக் கொண்டுபோகிறீர்கள். அதே மூன்று கவுன்ட் சுமார் 1.43 விநாடியாகச் சுருங்கும். உயரமும் 2.5 மீட்டராகக் குறைய வேண்டும். அதாவது, வாரக்கணக்கில் பழகிய கை திடீரென்று கால் மீட்டர் குறைத்து வீச வேண்டும். இல்லாவிட்டால் கேட்ச் தாளத்துக்குப் பின்னால் விழும், அல்லது ரைஃபிள் தரையில் விழும்.

கம்ப்யூட்டரில் நீங்கள் பாட்டை எவ்வளவு வேகமாக்கினாலும், புவியீர்ப்பு விசை தன் வேகத்தில்தான் வேலை செய்யும். அதனால் சாஃப்ட்வேரில் எத்தனை எஃபெக்ட் இருக்கிறது என்று பார்க்காதீர்கள். கவுன்ட் பிசகாமல் வெட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

இந்த நான்கும் இருக்கிறதா?

1. நுணுக்கமாக வெட்டும் வசதி: ஒலி அலையை நன்றாகப் பெரிதாக்கிப் பார்க்க முடிய வேண்டும். அலை பூஜ்யக் கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டினால் 'டிக்' சத்தம் வராது. இரண்டு துண்டுகளை இணைக்கும் இடத்தில் குட்டி கிராஸ்ஃபேட் போட்டால், ஒட்டு போட்டதே தெரியாது.

2. சுருதி மாறாமல் வேகத்தை மாற்றுவது: சாதாரணமாக வேகத்தைக் கூட்டினால் பாடகரின் குரல் அணில் குரலாகிவிடும். டெம்போவை மட்டும் தனியாக மாற்றும் வசதி அவசியம். அதையும் அளவோடு பயன்படுத்துங்கள். ரொம்ப இழுத்தால் குரல் குழறும், டிரம்ஸின் அடி மழுங்கும்.

3. பல ட்ராக், மார்க்கர்: பாட்டு, வசனம், காற்று, மழைச் சத்தம் எல்லாம் தனித்தனி வரிசையில் இருக்க வேண்டும். 'இங்கே ரைஃபிள்', 'இங்கே கொடி மாற்றம்' என்று குறித்து வைக்கவும் இடம் வேண்டும்.

4. பிராஜெக்ட்டாகச் சேமிப்பது: சீசன் முழுக்க ஷோ மாறிக்கொண்டே இருக்கும். நடுவர் சொன்ன ஒரு கருத்துக்காக எட்டு கவுன்ட்டைச் சேர்க்க வேண்டி வரலாம். எல்லாவற்றையும் கலந்து எடுத்த ஒற்றை எம்.பி.3 மட்டும் கையில் இருந்தால், திரும்ப முதலில் இருந்துதான்!

யாருக்கு எது?

*ஆடாசிட்டி:* பட்ஜெட் பூஜ்யமா? கண்ணை மூடிக்கொண்டு இங்கே ஆரம்பிக்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசம். டெம்போவை மட்டும் மாற்ற ஒன்று, வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்ற ஒன்று என இரண்டு எஃபெக்ட் உண்டு. பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். லேபிள் ட்ராக்கில் கவுன்ட் குறித்துக்கொள்ளலாம். பயிற்சிக்கான 'டிக் டிக்' தாள ட்ராக்கையும் அதிலேயே உருவாக்கலாம்.

*காரேஜ்பேண்ட்:* மேக், ஐபோன், ஐபேட் வைத்திருப்பவர்களுக்கு இலவசம். பழகுவது சுலபம். ஐபோனில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: ஒரு செக்‌ஷன் ஆரம்பத்தில் எட்டு பார் நீளத்துக்குத்தான் இருக்கும். நீளத்தை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றாவிட்டால் முழுப் பாட்டும் உள்ளே வராது.

*பேண்ட்லேப்:* லேப்டாப் இல்லை, ஆண்ட்ராய்டு போன்தான் என்றால் இது கைகொடுக்கும். பிரவுசரிலும் ஓடும். வேலை கிளவுடில் சேமிக்கப்படுவதால் இரண்டு பேர் சேர்ந்து எடிட் பண்ணலாம். நெட் இல்லாத இடத்தில் கொஞ்சம் சிரமம். சின்னத் திரையில் நுணுக்கமாக வெட்டுவதற்குப் பொறுமையும் வேண்டும்.

*ரீப்பர்:* அடுத்த லெவலுக்குப் போக நினைப்பவர்களுக்கு. 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். அதன் பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். ஷோவைப் பகுதிகளாகக் குறித்து, ஒவ்வொன்றையும் தனி ஃபைலாக ஒரே மூச்சில் எடுக்கலாம். 'இன்னைக்கு மூணாவது பகுதி மட்டும்' என்று பயிற்சி எடுக்கும்போது இதன் அருமை தெரியும்.

*அடோபி ஆடிஷன்:* மாதச் சந்தா கட்ட வேண்டும். பழைய ரெக்கார்டிங்கில் இருக்கும் இருமல், இரைச்சலை நீக்குவதில் கில்லாடி. சொன்ன நிமிடத்துக்குப் பாட்டைத் தானாகச் சுருக்கித் தரும் 'ரீமிக்ஸ்' வசதியும் உண்டு. ஆனா உங்கள் ஆட்டத்தில் எந்த கவுன்ட்டில் கேட்ச் வருகிறது என்று அதற்குத் தெரியாது. அந்த முடிவை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

வெட்டுவதற்கு முன்

ஸ்ட்ரீமிங் ஆப்பில் 'டவுன்லோடு' செய்த பாட்டை எடிட்டரில் திறக்க முடியாது. விலைக்கு வாங்கிய ஃபைல் அல்லது சி.டி. வேண்டும். வேலையை வேவ் ஃபார்மட்டில் செய்யுங்கள். சி.டி. தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி.தான் ஆகும். எம்.பி.3-யைத் திரும்பத் திரும்பச் சேமித்தால், ஒவ்வொரு முறையும் ஒலியின் தரம் கொஞ்சம் கரையும்.

ஒவ்வொரு பிரிவுக்கும் நேர வரம்பு உண்டு, அதை மீறினால் மதிப்பெண் குறையும். அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு நீளத்தை முடிவு செய்யுங்கள். பாடல், வசனம் எதுவானாலும் காப்புரிமை அனுமதி பற்றிய விதியையும் அப்போதே படித்துவிடுவது நல்லது. மொத்த ஷோவையும் பழகிய பிறகு 'இந்தப் பாட்டுக்கு அனுமதி இல்லை' என்று தெரியவந்தால், வீணாவது மாணவர்களின் உழைப்பு.

ஜிம்முக்குள் போனபின்

ஹெட்போனில் அருமையாகக் கேட்ட மிக்ஸ், ஜிம்முக்குள் எதிரொலியில் குழம்பிப்போகலாம். பேஸ் அதிகமானால் தாளமே அமுங்கிவிடும். மெல்லிய பகுதிகளில் பார்வையாளர்களின் சத்தம் இசையை விழுங்கிவிடும். அதனால் முதல் வெர்ஷனை அதே ஜிம்மில் போட்டு, தரையின் கடைசி மூலையில் நின்று கேளுங்கள். அங்கே நிற்கும் கொடிக்காரருக்குக் கவுன்ட் கேட்டால்தான் அது முடிந்த மிக்ஸ்.

ஃபைல் பெயரில் தேதி போடுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'உண்மையான ஃபைனல்' என்று மூன்று இருந்தால் போட்டியன்று எதைப் போடுவது? இரண்டு கருவிகளில் ஒரே வெர்ஷனை வைத்திருங்கள். போனில் ஓட்டுவதாக இருந்தால் ஏரோபிளேன் மோடு கட்டாயம்.

முதல்முறை என்றால் ஆடாசிட்டி போதும், ஆப்பிள் கருவி இருந்தால் காரேஜ்பேண்ட். சீசன் பாதியில் சாஃப்ட்வேரை மாற்றாதீர்கள். டெம்போவை மாற்றியே ஆக வேண்டும் என்றால், போட்டிக்கு முந்தின நாள் வேண்டவே வேண்டாம். புது வேகத்தை ஸ்பீக்கர் உடனே வாசித்துவிடும். வீசும் கை அதைப் பழகத்தான் நாளாகும்.