யாருக்குச் சொன்ன ஆலோசனை? ஹிஜாஸ் கிளர்ச்சியில் அயல்நாட்டுப் படையதிகாரிகள், 1916–1918

கெய்ரோவிலிருந்த பிரிட்டிஷ் அரபுப் பணியகம் தன் அதிகாரிகளுக்காக மட்டும் அச்சிட்டுவந்த ‘அரபு புல்லட்டின்’ இதழில், 1917 ஆகஸ்ட் 20 அன்று டி. ஈ. லாரன்ஸின் ‘இருபத்தேழு குறிப்புகள்’ வெளிவந்தது. பதூ மக்களின் தலைவர்களோடு சேர்ந்து போரிடப் போகும் அதிகாரிக்கான அறிவுரைகள் அவை. தலைவரின் நம்பிக்கையைப் பெறு, பிறர் முன்னிலையில் அவர் மதிப்பை உயர்த்து, அவர் சொல்லும் திட்டத்தை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு தனிமையில் மெல்லத் திருத்து, அரபு உடை உடுத்துவதானால் அரைகுறையாக உடுத்தாதே என்ற போக்கில் அவை செல்கின்றன. இவை பதூக்களுக்கு மட்டுமே பொருந்தும், நகரத்தாருக்குப் பொருந்தா என்று தொடக்கத்திலேயே லாரன்ஸ் வரம்பு கட்டியிருக்கிறார். 2006 வாக்கில் இராக்கில் இருந்த அமெரிக்க அதிகாரிகள் இந்த வரம்பைப் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் அக்குறிப்புகளைத் தேடிப் படித்தார்கள். ஆஸ்திரேலியப் படையதிகாரி டேவிட் கில்கலன் கிளர்ச்சியை ஒடுக்குவது பற்றிய தம் கட்டுரைக்கு ‘இருபத்தெட்டு’ என்று எண் வைத்தார். கிளர்ச்சி செய்பவர்களுக்குத் துணை நிற்க எழுதப்பட்டது, கிளர்ச்சியை ஒடுக்கப் போனவர்களின் கையேடாகிவிட்டது.

இந்த வாசிப்புக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: அயல்நாட்டு ஆலோசகர் வென்றது மொழியறிவாலும் பண்பாட்டு நுட்பத்தாலும் பொறுமையாலும்தான் என்பது. உதுமானிய ஆட்சிக்கு எதிராக மக்காவின் அமீர் ஷெரீஃப் ஹுசைன் தொடங்கிய ஹிஜாஸ் கிளர்ச்சியின் சான்றுகள் இதை ஆதரிக்கவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். ஆலோசகரின் செல்வாக்கு அவர் அரபுத் தலைவர்களிடம் பேசிய பேச்சில் பெரிதாக இல்லை. தம் தலைமையகத்துக்கு அவர் எழுதியதிலும், அந்தத் தலைமையகம் அவர் வழியே அனுப்பிய தங்கத்திலும் துப்பாக்கியிலும் கப்பலிலுமே அது இருந்தது.

இதைச் சோதித்துப் பார்க்கப் பிரெஞ்சுக்காரர்களின் அனுபவம் வசதியாகக் கிடைக்கிறது. 1916 செப்டம்பரில் ஜித்தாவுக்கு வந்த கர்னல் எதுவார் பிரெமோன் மொராக்கோவில் பணியாற்றியவர், அரபு பேசுவார். மக்காவைச் சுற்றிய புனித நிலத்தில் கிறித்தவர்கள் கால்வைக்க முடியாது என்பதை அறிந்து வட ஆப்பிரிக்க முஸ்லிம் வீரர்களையும் அதிகாரிகளையும் அழைத்துவந்தார். அவர்களில் ஒருவரான ஷெரீஃப் காதி, பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக்கில் பயின்ற அல்ஜீரிய முஸ்லிம். பண்பாட்டு அறிவே அளவுகோல் என்றால் இந்தத் தூதுக்குழு பிரிட்டிஷ்காரர்களைப் பின்னுக்குத் தள்ளியிருக்க வேண்டும். நடந்தது வேறு. செங்கடலில் ரோந்து சுற்றிய கப்பல்கள் பிரிட்டனுடையவை. ஷெரீஃப் ஹுசைனுக்கு மாதம் 1,25,000 பவுன் அளவில் தொடங்கிப் பிறகு ஏறிக்கொண்டே போன மானியமும் பிரிட்டனுடையது. போதாக்குறைக்கு, சிரியா மீது பாரிஸுக்கு இருந்த கண்ணை அரபுத் தலைவர்கள் அறிந்திருந்தார்கள். பிரெமோனின் ஆலோசனையைக் கேட்டுக்கொண்டார்கள், அதன்படி நடக்கவில்லை. அவருடைய ஆட்களில் கேப்டன் பிசானியின் மலைப் பீரங்கிப் படைக்கு மட்டும் போர்க்களத்தில் நிலையான மதிப்பு இருந்தது. காரணம் எளிது, பீரங்கி அவரிடம் இருந்தது.

அந்தத் தங்கம் பாலைவனத்தில் எப்படி இறங்கியது என்பதையும் பார்க்க வேண்டும். ஆளுக்கு மாதம் 2 பவுன், ஒட்டகத்துக்கு 4 பவுன் என்பது ஹுசைன் கொடுத்த கூலி என லாரன்ஸ் பதிவு செய்திருக்கிறார். ஒரே குடும்பத்தில் ஒரு துப்பாக்கி இருக்கும். அண்ணனும் தம்பியும் முறை வைத்துக்கொண்டு சில நாள் படையில் நிற்பார்கள், சில நாள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஊரில் பஞ்சம், துறைமுகங்கள் முற்றுகையில். கூலியும் தானியமும் வரும் வரை படை நிற்கும். இதைக் கூலிப்படை என்று இகழ்வது அநியாயம். மேய்ச்சலை நம்பி வாழும் குடும்பம் ஓர் ஆளை அனுப்பினால் ஈடு கேட்கத்தானே செய்யும்.

ஆலோசனை உண்மையில் யாருக்குச் சொல்லப்பட்டது என்பதற்கு ராபிக் விவகாரமே முதல் சான்று. மதீனாவிலிருந்து மக்கா செல்லும் கடற்கரை வழியில், கிணறுகள் உள்ள துறை ராபிக். 1916 இலையுதிர் காலத்தில் ஃபக்ரி பாஷாவின் உதுமானியப் படை அந்த வழியே இறங்கி மக்காவை மீட்டுவிடும் என்று சூடானின் பிரிட்டிஷ் தலைமை ஆளுநர் விங்கேட் அஞ்சினார். ஒரு பிரிட்டிஷ் பிரிகேடை ராபிக்கில் இறக்கச் சொன்னார். ஹுசைன் ஒருநாள் வேண்டும் என்றார், மறுநாள் வேண்டாம் என்றார். கிறித்தவப் படை ஹிஜாஸில் இறங்கினால் இந்திய முஸ்லிம்கள் கொதிப்பார்கள் என்ற கவலையும் இருந்தது. அக்டோபரில் ஹுசைனின் மகன் ஃபைசலைச் சந்தித்துத் திரும்பிய லாரன்ஸ், அயல்நாட்டுப் படை இறங்கிய உடனே பழங்குடியினர் கலைந்து கூடாரங்களுக்குப் போய்விடுவார்கள், துப்பாக்கியும் பணமும் பயிற்சியாளர்களும் போதும் என்று நவம்பரில் குறிப்பு எழுதினார். லண்டனில் தலைமைத் தளபதி ராபர்ட்சன் அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டார். பிரான்ஸின் களத்துக்கு வெளியே ஒரு பட்டாளத்தைக்கூட அனுப்ப அவருக்கு ஏற்கெனவே விருப்பமில்லை. லாரன்ஸின் தொழிலில் இதுவே மிகப் பெரிய பயன் தந்த ஆலோசனை என்பேன். அதைக் கேட்டவர்களில் ஓர் அரபியும் இல்லை.

ஆனால் டிசம்பரில் நிலைமை அந்தக் குறிப்பைக் கிட்டத்தட்டப் பொய்யாக்கியது. ஹுசைனின் இளைய மகன் ஸைதின் படை சிதறியது. ஃபைசல் யன்பு துறைமுகத்துக்குப் பின்வாங்கினார். வெடிமருந்து நிபுணரான மேஜர் கார்லண்ட் ஊர் மதிலைப் பலப்படுத்தி, முட்கம்பி கட்டினார். பிரிட்டிஷ் கப்பற்படையின் கேப்டன் பாயில் தம் கப்பல்களைத் துறைமுகத்தில் குவித்தார். டிசம்பர் 11 இரவு துருக்கிய முன்னணி நெருங்கியபோது கப்பல்களின் தேடுவிளக்குகள் ஊருக்கு வெளியே இருந்த வெட்டவெளியைக் குறுக்கும் நெடுக்குமாகத் துழாவின. ஒளிந்து வர ஒரு புதர்கூட இல்லாத தரை அது. சுடாமலே துருக்கியர் திரும்பினார்கள். அன்றிரவு கிளர்ச்சியைக் காத்தது கப்பற்படை. அடுத்த மாதம் வஜ்ஹ் துறைமுகமும் அப்படியே விழுந்தது. கப்பல்கள் கொண்டுவந்து இறக்கிய அரபு வீரர்களும் மாலுமிகளும் பிடித்து முடித்த பிறகே ஃபைசலின் பெரும்படை வந்துசேர்ந்தது.

முறைசாராப் படையை நடத்தும் கலை பிரிட்டிஷ்காரர்களின் கண்டுபிடிப்பு என்ற எண்ணமும் கலைய வேண்டும். 1911இல் லிபியாவில் இத்தாலியருக்கு எதிராக சனூசிப் பழங்குடியினரோடு நின்று போரிட்டவர்கள் என்வர், முஸ்தபா கமால் போன்ற உதுமானிய அதிகாரிகள். அக்களத்தில் இருந்த அஸீஸ் அலி அல்-மிஸ்ரீ பின்னர் ஹுசைனின் படைக்குத் தொடக்கத்தில் உருவம் கொடுக்க முயன்றவர். பாக்தாதைச் சேர்ந்த ஜஃபர் அல்-அஸ்கரியின் கதை இன்னும் சுவையானது. உதுமானிய அதிகாரியாக சனூசிகளுக்குப் படைத்தலைமை ஏற்று எகிப்தின் மேற்கு எல்லையில் பிரிட்டிஷாரை எதிர்த்தவர், 1916 பிப்ரவரியில் அகாகியாவில் டார்செட் குதிரைப்படையிடம் பிடிபட்டார். கெய்ரோ கோட்டையிலிருந்து போர்வைகளை முடிச்சிட்டு இறங்கித் தப்பப் பார்த்துக் கீழே விழுந்து காலை முறித்துக்கொண்டார். சிரியாவில் ஜமால் பாஷா அரபுத் தேசியவாதிகளைத் தூக்கிலிட்ட செய்தி கேட்டுக் கட்சி மாறினார்; ஃபைசலின் ஒழுங்குப் படைக்குத் தளபதியானார். பின்னாளில் பிரிட்டிஷ் தளபதி ஆலன்பி அவருக்குப் பதக்கம் அணிவித்தபோது மரியாதை அணிவகுப்புக்கு நிறுத்தப்பட்டவர்கள் அதே டார்செட் வீரர்கள். அவரும், அவரைப் போலவே முன்னாள் உதுமானிய அதிகாரிகளான நூரி அல்-சயீதும் மவ்லூத் முக்லிஸும் பயிற்சி கொடுத்தார்கள், ஒழுங்குப் படையைக் களத்தில் நடத்தினார்கள், செத்தும் காயம்பட்டும் போனவர்கள் அவர்களுடைய ஆட்கள். ஆங்கில நூல்களில் இவர்கள் பின்புலத்தில் நிற்கிறார்கள். ஜோர்தானிய வரலாற்றாசிரியர் சுலைமான் மூசா 1960களில் அரபுத் தரப்பிலிருந்து எழுப்பிய மறுப்பு சில இடங்களில் மிகைதான்; இந்த இடத்தில் அவர் சொன்னது சரி.

அகபாவை எடுத்துக்கொள்வோம். 1917 ஜூலை 6 அன்று ஷெரீஃப் நாசிரும் ஹுவைத்தாத் பழங்குடித் தலைவர் அவ்தா அபூ தாயியும் லாரன்ஸும் அந்தத் துறைமுகத்தில் நுழைந்தார்கள். வழிநெடுகப் பழங்குடியினருக்கு நாசிர் தந்திப் படிவத் தாள்களில் பென்சிலால் எழுதிக்கொடுத்த கடன் சீட்டுகள் குவிந்திருந்தன. ‘அகபாவில் தரப்படும்’ என்பது வாக்கு. அகபாவில் பணமும் இல்லை, சோறும் இல்லை. லாரன்ஸ் அடுத்து செய்த வேலை போர் வரலாற்றில் புகழ்பெற்றதல்ல, ஆனால் வெற்றியைத் தக்கவைத்தது அதுவே: சினாய் பாலையைக் கடந்து சூயஸுக்கு ஓடி, ‘டஃபரின்’ கப்பலில் உணவு ஏற்றச் செய்து, 16,000 பவுன் தங்கம் அனுப்ப வைத்தார். சீட்டுகள் காசாயின. அகபாவைப் பிடிக்கும் திட்டம் அவ்தாவுடையதா, ஃபைசலுடையதா, லாரன்ஸுடையதா என்று ஆய்வாளர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். சூயஸுக்கு ஓடி அந்தக் கதவைத் தட்டக்கூடியவர் அவர்களில் லாரன்ஸ் ஒருவரே என்பதில் சண்டைக்கு இடமில்லை.

பொருள் வற்றிய இடத்தில் ஆலோசனை எதுவும் எடுபடவில்லை. 1918 ஏப்ரலில் மஆன் ரயில் நிலையத்தை ஜஃபரின் ஒழுங்குப் படை துணிந்து தாக்கியது, நிலையத்துக்குள்ளும் நுழைந்தது. பிசானியின் பீரங்கிகளுக்குக் குண்டு தீர்ந்தது. அத்தோடு தாக்குதல் முடிந்தது.

எதிர்வாதம் ஒன்றை ஒதுக்கிவிட முடியாது. பணத்தைக் கொட்டினால் மட்டும் போதுமா, யாரிடம் எப்போது கொடுப்பது என்று அறிந்த ஆள் வேண்டாமா? வேண்டும். கொடுத்த கையை நம்பியே அவ்தா போன்றவர்கள் நின்றார்கள். ஆனால் அந்த அறிவு பங்கிடும் அறிவு. போர்த்தந்திரத்தைச் சொல்லிக்கொடுக்கும் அறிவல்ல. மதீனாவைத் துருக்கியர் கையிலேயே விட்டுவைப்பதே உத்தி என்ற புகழ்பெற்ற கோட்பாட்டை லாரன்ஸ் முழு வடிவில் அச்சில் தந்தது 1920இல்தான். 1917 மார்ச்சில் கெய்ரோவின் கவலை நேர் எதிரானது: மதீனாப் படை வெளியேறி வடக்கே போய்விடக் கூடாது என்பதற்காகவே ரயில் பாதையைத் தகர்க்க ஆட்களை விரட்டினார்கள். ஹுசைனுக்கோ நபியின் நகரம் வேண்டும். படை வெளியேறவும் இல்லை, நகரம் விழவும் இல்லை. போர் ஓய்ந்த பிறகு, 1919 ஜனவரியில்தான் ஃபக்ரி காத்த மதீனா சரணடைந்தது. நடக்காமல் போனதற்குப் பின்னால் கட்டிய தத்துவமாகவே லாரன்ஸின் கோட்பாட்டை வாசிக்கத் தோன்றுகிறது.

டமாஸ்கஸ் வீழ்ந்தபின், 1918 அக்டோபர் 3 அன்று அந்நகரின் விக்டோரியா ஹோட்டலில் ஆலன்பி ஃபைசலைச் சந்தித்தார். சிரியாவில் பிரான்ஸே பாதுகாப்பு அரசு, லெபனானில் உங்களுக்கு இடமில்லை, ஒரு பிரெஞ்சுத் தொடர்பு அதிகாரியை உடன் வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். நீங்கள் அனுப்பிய ஆலோசகர் எனக்குச் சொன்னது வேறு என்றார் ஃபைசல். ஆலன்பி லாரன்ஸைத் திரும்பிப் பார்த்துக் கேட்க, எனக்கு எதுவும் தெரியாது என்று லாரன்ஸ் பதில் சொன்னதாக அங்கிருந்த தளபதி சாவல் பதிவு செய்திருக்கிறார். அரபு நிலங்களைப் பிரிட்டனும் பிரான்ஸும் பங்கிட்டுக்கொண்ட சைக்ஸ்-பிக்கோ உடன்பாட்டை முன்பே அறிந்திருந்ததாகப் பிற்பாடு தம் நூலில் எழுதியவரும் அவரே. பிரெஞ்சு அதிகாரியோடு வேலை செய்ய மாட்டேன் என்று விடுப்புக் கேட்டு, மறுநாள் ஊரை விட்டுக் கிளம்பினார்.

ஜஃபரும் நூரியும் கிளம்பவில்லை. டமாஸ்கஸில் ஃபைசல் அமைத்த அரபு அரசின் பணியில் தொடர்ந்தார்கள். 1919 முடிவதற்குள் பிரிட்டிஷ் படை சிரியாவை விட்டு விலகியது. 1920 ஜூலை 24 அன்று மைசலூனில் பிரெஞ்சுப் படை டமாஸ்கஸ் அரசை முடித்துவைத்தது. அதே ஆண்டு பாக்தாதில் அமைந்த இராக்கின் முதல் அமைச்சரவையில் ஜஃபர் அல்-அஸ்கரி பாதுகாப்பு அமைச்சரானார். அந்த அரசின் ஒவ்வோர் அமைச்சருக்கும் பக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் ஆலோசகர் அமர்த்தப்பட்டிருந்தார்.