பூமி நிறையப் பொன்

ஒரு பொருளின் அடர்த்தியையும் கனஅளவையும் பெருக்கினால் அதன் நிறை கிடைக்கும் என்பது இன்று பள்ளிப் பாடம். தராசில் ஏற்ற இயலாதவற்றையும் நிறுத்துத் தரும் இக்கணக்கை முஸ்லிம் அறிஞர்கள் எத்துணை உயரத்திற்குக் கொண்டு சென்றனர் என்பதை இங்கு நோக்குவோம்.

இதற்கு முதலில் வேண்டியது அடர்த்தி. அபூரைஹான் அல்பிரூனீ (973–1048) கழுத்தருகே வடிகுழாய் பொருத்திய கூம்பு வடிவக் கலம் ஒன்றை அமைத்தார். அதில் நீர் நிரப்பி, உலோகத்தை இட்டு, வழிந்த நீரை நிறுத்தார். 100 மிஸ்கால் பொன்னுக்கு வழிந்த நீர் 5¼ மிஸ்கால். வகுத்தால், பொன் தன் பருமனுள்ள நீரைக் காட்டிலும் 19.05 மடங்கு கனம் என்றாகிறது. இன்றைய அளவு 19.3.

மர்வு நகரில், சுல்தான் ஸன்ஜரின் காலத்தில் வாழ்ந்த அப்துர் ரஹ்மான் அல்காஸினீ, ஹிஜ்ரி 515இல் (1121–22) எழுதிய ‘மீஸானுல் ஹிக்மா’வில் இவ்வளவுகளைப் பதிவு செய்தார். ஒரு கன முழம் நீரின் எடை தெரிந்தால், அதே பருமனுள்ள பொன்னின் எடையும் தெரிந்துவிடும். அவ்வழியே சென்று, பூமியுருண்டையின் அளவுள்ள பொன் எவ்வளவு எடையிருக்கும் என்ற கணக்கும் அந்நூலில் இடம்பெறுகிறது. இறைமறுப்பிலேயே இறந்தவரிடமிருந்து பூமி நிறையப் பொன்னும் ஈடாக ஏற்கப்படாது என்று உணர்த்தும் ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 91ஆம் வசனமே இதற்குத் தூண்டுகோல்.

இன்றைய எண்களைக் கொண்டு நாமும் கணக்கிடுவோம். பூமியின் கனஅளவு சுமார் 1.083 லட்சம் கோடி கன கிலோமீட்டர். ஒரு கன கிலோமீட்டர் பொன் 1,930 கோடி டன். பெருக்கினால், 2 எனும் எண்ணுக்குப் பின் 22 சுழியங்கள் இட்ட அளவுக்குச் சற்று மேற்பட்ட டன்கள் வருகின்றன. மெய்யான பூமியின் நிறையைப் போல் இது மூன்றரை மடங்கு. மனிதகுலம் இதுவரை தோண்டியெடுத்த பொன்னோ 2 லட்சம் டன்னுக்குச் சற்று மேல்தான். அதை அடர்த்தியால் வகுத்துப் பார்த்தால், பக்கத்திற்கு 22 மீட்டர் அளவுள்ள கனசதுரத்தில் ஏறக்குறைய அடங்கிவிடும்!

கடைத்தெருவில் கலப்படப் பொன்னைக் காட்டிக்கொடுக்கும் அதே எண், திருவசனத்தின் கனத்தையும் உணர்த்துகிறது. தஃப்ஸீர் வேறு, கணிதம் வேறு என்று அல்காஸினீ பிரித்துப் பார்க்கவில்லை. இவ்வசனத்தை ஓதும் நம் மாணவர்களின் கையில் இக்கணக்கையும் கொடுப்பது நம் கடமையன்றோ?