இம்ஃபாலின் இரு நினைவிடங்கள்

மணிப்பூர்த் தலைநகர் இம்ஃபாலில் இந்தியப் படையினர் அடக்கத்தலம் ஒன்றுள்ளது. இரண்டாம் உலகப்போரில் உயிர்நீத்த 828 பேர் அங்கே அடங்கியுள்ளனர். அவர்களுள் முஸ்லிம் வீரர் பெருந்தொகையினர். எரியூட்டப்பட்ட இந்து, சீக்கிய வீரர் 868 பேரின் பெயர்களை அங்குள்ள தகன நினைவுச்சின்னம் தாங்கி நிற்கிறது.

மலைகள் சூழ்ந்த இம்ஃபால் சமவெளி, சாலைகள் பல வந்து கூடும் இடம். வடக்கே கொஹிமா வழியாகத் திமாப்பூருக்கும், தெற்கே திட்டிமுக்கும், தென்கிழக்கே தமுவுக்கும், வடகிழக்கே உக்ருலுக்கும், மேற்கே சில்சாருக்கும் அங்கிருந்தே வழிகள் பிரிகின்றன. 1944 மார்ச்சில் பர்மாவிலிருந்து படையெடுத்த ஜப்பானியர் இச்சந்தியைக் கைப்பற்ற முனைந்தனர். அம்மாத இறுதியில் அவர்கள் துண்டித்த கொஹிமாச் சாலை, ஜூன் 22 அன்றுதான் மீண்டும் திறந்தது.

முற்றுகையின் தொடக்க நாள்களில், ஏப்ரல் 6 அன்று, நகருக்கு வடக்கேயுள்ள குன்றொன்றை மீட்க 9ஆம் ஜாட் படைப்பிரிவின் ஜமேதார் அப்துல் ஹஃபீஸ் தம் வீரர்களுடன் ஏறினார். காலில் குண்டு பாய்ந்த பின்னும் முன்னேறி, எதிரியின் இயந்திரத் துப்பாக்கியைக் குழலைப் பற்றிப் பறித்தார். குன்று மீண்டது, அவர் மீளவில்லை. விக்டோரியா சிலுவை அவருக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அவரும் இந்த அடக்கத்தலத்திலேயே துயில்கிறார்.

எட்டு நாள் கழித்து, ஏப்ரல் 14 அன்று, இம்ஃபாலுக்குத் தெற்கே மொய்ராங்கில் மூவண்ணக் கொடி ஏறிற்று. ஏற்றியவர் இந்திய தேசிய இராணுவத்தின் கர்னல் ஷவுகத் அலி மாலிக். மலாயாத் தமிழர் பலரும் சேர்ந்திருந்த அப்படை, ஜப்பானியருடன் நின்று ஆங்கிலேயரை எதிர்த்தது. அதன் வீரர்க்குச் சிங்கப்பூரில் எழுந்த நினைவுச்சின்னத்தை ஆங்கிலேயர் 1945இல் தகர்த்தனர். அதன் மாதிரி இன்று மொய்ராங்கில் நிற்கிறது.

ஒரே சமவெளி, ஒரே மாதம், எதிரெதிர் அணியில் இரு முஸ்லிம்கள். ஒருவரைப் பேரரசின் கூலியாள் என்றோ, மற்றவரை எதிரியின் துணைவர் என்றோ ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. ஆனால் அவ்வாறு முடிப்பது வரலாறாகாது. நாட்டின் வரலாற்றில் நம் பங்கை எடுத்துரைக்கும்போது வசதியான பெயரை மட்டும் ஏந்தி மற்றதை மறைப்போமாயின், நம்மை மறைத்தவர்களின் பிழையையே நாமும் செய்தவராவோம். நிய்யத்தை அறிபவன் இறைவன். இருவரையும் நினைவில் வைப்பது நம் கடன்.