ஒரு பழைய நீதிமன்றமும் நான்கு வழக்குகளும்



பழைய கட்டிடங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் "அதை ஒரு நூதனசாலையாக ஆக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கட்டிடத்தைக் காப்பாற்றுவது பாதி வேலை. அதற்குள் யாருடைய கதையைச் சொல்லப்போகிறோம் என்பதுதான் மற்றப் பாதி. அதைப் புரிந்துகொள்ள இன்று கொஞ்சம் தூரம் போவோம். ஐக்கிய அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில், மன்ரோவில் என்று ஒரு சிற்றூர். மன்ரோ கவுண்டியின் தலைநகர் அது. கவுண்டி என்பது ஏறத்தாழ நமது மாவட்டம் மாதிரி.

ஊரின் நடுவில், மணிக்கூட்டுக் கோபுரத்தோடு ஒரு செங்கல் கட்டிடம். 1903இல் கட்டத் தொடங்கிய நீதிமன்றம். உள்ளே வழக்கு மண்டபம் வளைந்த சுவர்களோடு முட்டை வடிவில் இருக்கும். மேலே ஒரு மாடம். அக்காலத்தில் கீழே வெள்ளையர்கள் உட்காருவார்கள், கறுப்பினத்தவர்கள் படியேறி அந்த மாடத்துக்குப் போகவேண்டும். ஒரே மண்டபம், ஒரே வழக்கு, ஆனால் கேட்பதற்கு இரண்டு தளங்கள். 1963இல் பக்கத்திலேயே புதிய நீதிமன்றம் வந்ததும் பழையதன் வேலை முடிந்தது. 1990களின் தொடக்கத்திலிருந்து அது மன்ரோ கவுண்டியின் வரலாற்று நூதனசாலை.

இந்தக் கட்டிடத்தோடு பின்னிப்பிணைந்த நான்கு வழக்குகளைச் சொல்கிறேன்.

முதலாவது 1919ஆம் ஆண்டு. வெள்ளையினக் கடைக்காரர் ஒருவரைக் கொன்றதாகக் கறுப்பினத் தகப்பன் மீதும் மகன் மீதும் குற்றச்சாட்டு. அவர்களுக்காக வாதாடியவர் ஏ. சி. லீ என்ற இளம் சட்டத்தரணி. வழக்குத் தோற்றது. இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். லீ அதன் பிறகு குற்றவியல் வழக்கு எதையும் எடுக்கவில்லை என்று அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

இரண்டாவது 1934ஆம் ஆண்டு. வோல்டர் லெட் என்ற கறுப்பினத் தொழிலாளி வெள்ளையினப் பெண்ணொருவரைப் பாலியல் வல்லுறவு செய்தார் என்று வழக்கு. முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட ஜூரி சபை அவரைக் குற்றவாளி என்றது. மரண தண்டனை. ஆனால் ஊரிலேயே சிலருக்கு மனம் கேட்கவில்லை. ஆளுநருக்குக் கடிதங்கள் போயின. தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1937இல் லெட் காசநோயால் இறந்துபோனார். அவர் விடுதலையைக் காணவில்லை.

(ஜூரி முறை நமக்கும் புதிதல்ல. 1811இல் பிரதம நீதியரசர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் காலத்தில் இலங்கைக்கு வந்தது. மேல் நீதிமன்ற வழக்குகளில் எதிராளி எந்த மொழி பேசும் ஜூரியைக் கேட்கலாம் என்பது இன்றும் நமது சட்டத்தில் இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல உட்காருபவர்கள் யார் என்பது எவ்வளவு முக்கியம் என்று இதிலிருந்தே விளங்கும்.)

மூன்றாவது வழக்குத்தான் உலகம் முழுக்கத் தெரிந்தது. ஆனால் அது நடக்கவே இல்லை. ஏ. சி. லீயின் மகள் ஹார்ப்பர் லீ 1926இல் இந்த ஊரில் பிறந்தவர். 1960இல் அவர் எழுதிய "டு கில் எ மொக்கிங்பேர்ட்" நாவலில், டொம் ரொபின்சன் என்ற அப்பாவிக் கறுப்பினத்தவருக்காக அட்டிக்கஸ் ஃபின்ச் என்ற சட்டத்தரணி வாதாடுகிறார். வாதம் சரி, சாட்சியம் சரி, ஆனாலும் ஜூரி குற்றவாளி என்கிறது. நாவலுக்கு 1961இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. 1962இல் படமாகவும் வந்தது. படத்தின் கலை இயக்குநர் மன்ரோவிலுக்கு வந்து இந்த மண்டபத்தை அளந்துபோய் ஹொலிவூட்டில் அப்படியே ஒன்றை அமைத்தார். கலை இயக்கத்துக்கும் ஒஸ்கார் கிடைத்தது.

இன்று நூதனசாலைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இந்த மூன்றாவது வழக்கைத் தேடித்தான் வருகிறார்கள். 1991இலிருந்து ஊர்மக்களே இந்தக் கதையை நாடகமாக நடித்து வருகிறார்கள். முதல் பாதி வெளியே புல்வெளியில். இரண்டாம் பாதி உள்ளே, அதே வழக்கு மண்டபத்தில். பார்வையாளர்களுக்குள்ளிருந்தே பன்னிரண்டு பேரைத் தெரிவுசெய்து ஜூரி ஆசனத்தில் உட்காரவைப்பார்கள். சீட்டு வாங்கி நாடகம் பார்க்க வந்த மனிதன், ஒரு அப்பாவியைக் குற்றவாளி என்று சொல்லும் ஆசனத்தில் இருப்பான். ஒரு ஆசிரியனாகச் சொல்கிறேன், இதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடம் நடத்துவது கஷ்டம்.

ஆனால் நான்காவது வழக்கையும் கேளுங்கள்.

1986 நவம்பரில், இதே மன்ரோவிலில், சலவைக் கடையொன்றில் வேலைசெய்த 18 வயது வெள்ளையினப் பெண் கொல்லப்பட்டார். மாதக்கணக்கில் கொலையாளி பிடிபடவில்லை. ஊர் கொதித்தது. 1987இல் வோல்டர் மெக்மிலியன் என்ற கறுப்பினத்தவரைக் கைதுசெய்தார்கள். வெள்ளையினப் பெண்ணொருத்தியோடு அவருக்குத் தொடர்பு இருந்தது என்பது அதற்கு முன்பே ஊரில் பேசுபொருள். அவர் குறையில்லாத மனிதர் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் குறை வேறு, கொலை வேறு.

விசாரணைக்கு முன்பே அவரை மரண தண்டனைக் கைதிகளின் சிறைக்கு அனுப்பினார்கள். கறுப்பினத்தவர்கள் சுமார் 40 வீதம் வாழும் மன்ரோவிலிருந்து, வெள்ளையர்களே பெரும்பான்மையாக வாழும் போல்ட்வின் கவுண்டிக்கு வழக்கு மாற்றப்பட்டது. ஜூரியில் 11 பேர் வெள்ளையர், ஒருவர் கறுப்பினத்தவர். கொலை நடந்த நேரத்தில் மெக்மிலியனின் வீட்டில் தேவாலயத்துக்கு நிதி சேர்க்க மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அவர் எங்களோடுதான் இருந்தார் என்று பல கறுப்பினச் சாட்சிகள் சொன்னார்கள். எடுபடவில்லை. ஒன்றரை நாளில் விசாரணை முடிந்தது. ஜூரி ஆயுள் தண்டனையைச் சிபாரிசு செய்தது. நீதிபதி அதை ஒதுக்கிவிட்டு மரண தண்டனை கொடுத்தார்.

பிரையன் ஸ்டீவன்சன் என்ற இளம் சட்டத்தரணி மேன்முறையீட்டைக் கையில் எடுத்தார். முக்கிய சாட்சி, தான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டார். ஒரு அப்பாவி மீது பழி போடச் சொல்கிறீர்களே என்று அந்தச் சாட்சியே விசாரணையாளர்களிடம் முறையிட்ட ஒலிப்பதிவு, எதிராளித் தரப்புக்குக் கொடுக்கப்படாமல் மறைக்கப்பட்டிருந்தது. 1993 மார்ச் 2ஆம் திகதி மெக்மிலியன் விடுதலையானார். கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள் மரணத்தை எதிர்பார்த்திருந்த பிறகு.

இப்போது ஆண்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1991இல் ஊர்மக்கள் பழைய நீதிமன்றத்தில் டொம் ரொபின்சனுக்காகக் கண்ணீர் சிந்தத் தொடங்கினார்கள். அதே வேளையில் அடுத்த கவுண்டியில், மின்சார நாற்காலி இருந்த சிறையில், அதே ஊர்க்காரர் மெக்மிலியன் இருந்தார். ஸ்டீவன்சன் தன் புத்தகத்தில் இந்த முரணை எழுதியிருக்கிறார். வழக்குக்காக அவர் அந்த ஊருக்குப் போனபோது, எங்கள் நூதனசாலையைக் கட்டாயம் பார்த்துவிட்டுப் போங்கள் என்று பெருமையோடு சொன்னார்களாம்.

அந்த மக்கள் நாடகத்தில் பொய்யாக அழுதார்கள் என்று நான் நினைக்கவில்லை. உண்மையாகத்தான் அழுதிருப்பார்கள். கதையில் வரும் அப்பாவிக்காக அழுவது இலேசு. அவர் நமது சொந்தக்காரர் மீது குற்றம் சொல்லமாட்டார், நமது பொலிஸைக் கேள்வி கேட்கமாட்டார், நாளைக்குக் கடையில் நம்மை எதிர்கொள்ளமாட்டார். உயிரோடு இருக்கும் அப்பாவிக்காகப் பேசப்போனால் பக்கத்து வீட்டுக்காரனின் முகம் மாறும். நாம் வெறுக்கும் ஒரு கூட்டத்தாரின் விடயத்தில்கூட நீதி தவறக்கூடாது என்று நமது மார்க்கம் நமக்குக் கட்டளையிட்டிருப்பது, அது இலேசான காரியம் இல்லை என்பதால்தான்.

மன்ரோவில் பழைய நீதிமன்றத்தை இடிக்காமல் வைத்திருப்பது பெரிய நன்மை. அந்த மாடம் இல்லையென்றால், யார் எங்கே உட்காரவைக்கப்பட்டார்கள் என்று பிள்ளைகளுக்குக் கண்ணால் காட்ட முடியாது. கட்டிடம் ஒரு சாட்சி. ஆனால் சாட்சியிடம் எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ அதற்குத்தான் பதில் வரும்.

நமது ஊர்களிலும் பழைய கச்சேரிகள், நீதிமன்றங்கள், கிராமக்கோட்டு நடந்த இடங்கள் இருக்கின்றன. நாளைக்கு அவற்றில் ஒன்றை நூதனசாலையாக்கும் வாய்ப்பு வந்தால், பித்தளை விளக்கும் பழைய நாணயமும் நீதிபதியின் கதிரையும் வைப்போம், அது தேவை. அதோடு, அந்தக் கட்டிடத்துக்குள் பயந்துகொண்டே நுழைந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடமும் போய்க் கேட்போம். அவர்கள் எந்த இனமாக இருந்தாலும் சரி. அவர்கள் சொல்வது நமக்கு நோகும்படி இருந்தால், அதையும் எழுதி ஒரு பக்கத்தில் வைப்போம்.