ஒசாக்காவின் இளங்கோமகன்

1598ஆம் ஆண்டு. யப்பானை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த தொயொதோமி ஹிதெயோஷி மரணப் படுக்கையிற் கிடந்தார். அவருடைய மைந்தன் ஹிதெயோரிக்கு அப்போது வயது 5. பெரும்பிரபுக்கள் ஐவரை அழைத்து, மகனைக் காப்பதாக ஆணையிடுவித்தார் தந்தை. அவ்வைவருள் வலிமை மிக்கவர் தொக்குகாவா இயெயசு. முன்னர் வாரிசாக நியமித்த தம் மருமகன் ஹிதெத்சுகுவை 1595இல் தற்கொலை செய்யப் பணித்தவரும் இதே ஹிதெயோஷிதான். தம் குலத்தில் வளர்ந்து நின்ற ஆண்மகனை அழித்துவிட்டு, அயலாரின் ஆணையை நம்பியது விந்தையே.

1600இல் செக்கிகஹாராப் போரில் வென்ற இயெயசு, 1603இல் ஷோகன் ஆனார். அவ்வாண்டே தம் பேர்த்தி செனை ஹிதெயோரிக்கு மணம் முடித்தார். ஆயினும் 1605இல் பதவியைத் தம் மகனுக்கே அளித்தார். ஒசாக்காக் கோட்டையில் தாய் யொதோவுடன் வாழ்ந்த இளைஞனுக்கு ஆட்சி மீளாதென்பது அன்றே தெளிவாயிற்று.

1611இல் கியோத்தோவின் நிஜோ மாளிகையில் இருவரும் சந்தித்தனர். இயெயசுவுக்கு வயது 68, ஹிதெயோரிக்கு 17. காலம் யார் பக்கம் நின்றதென்பதை முதியவர் உணராதிருந்திருப்பாரா?

1614இல் காரணம் ஒன்று கிடைத்தது. ஹிதெயோரி புதுப்பித்த ஹோகோஜி ஆலயத்தின் மணியில், நாட்டின் அமைதியை வேண்டும் தொடர் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. இயெயசுவின் பெயருக்குரிய இரண்டு எழுத்துக்களிடையே வேறோர் எழுத்து நின்றது. பெயரைப் பிளந்து சபித்தனர் என்று குற்றஞ் சாட்டப்பட்டது. அம்மணி எழுத்தழியாது இன்றும் அங்கே தொங்குகின்றது.

அவ்வாண்டுக் குளிர்காலத்தில் ஷோகனின் படை ஒசாக்காவை முற்றுகையிட்டது. தலைவரை இழந்த சாமுராய் வீரர் பல்லாயிரவர் உள்ளே திரண்டிருந்தனர். சனதா நொபுஷிகே எழுப்பிய புற அரணின் முன் தாக்கியோர் பெருஞ் சேதமுற்றனர். பீரங்கிக்கு வீழாத கோட்டையைச் சமாதானமே வீழ்த்தியது. உடன்பாடு முடிந்ததும் அகழிகள் தூர்க்கப்பட்டன, மதில்கள் இடிக்கப்பட்டன, நடு அரண் ஒன்றே எஞ்சியது. உள் அகழியைத் தூர்ப்பதும் உடன்பாட்டில் அடங்கியதா என்பதில் வரலாற்றாசிரியர் இன்னும் ஒன்றுபட்டிலர். எவ்வாறாயினும், அகழியற்ற கோட்டையினுள் இருந்து போரிடுதல் இயலாது.

1615 கோடையில் மீண்டும் போர் மூண்டபோது, ஹிதெயோரியின் வீரர் வெளியே வந்து வெட்டவெளியிற் பொருத நேர்ந்தது. தென்னோஜியருகே சனதா மாண்டார், கோட்டை தீப்பற்றியது. கணவனுக்கும் மாமிக்கும் உயிர்ப்பிச்சை கோரி வெளியேறினாள் செனின் உருவில் வந்த கடைசி நம்பிக்கை. வேண்டுகோள் பலிக்கவில்லை. மறுநாள் 21 வயது ஹிதெயோரியும் தாயும் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். அவருடைய சிறு மகன் குனிமத்சு பிடிபட்டுக் கியோத்தோவிற் கொல்லப்பட்டான். மகள் மட்டும் உயிர்தப்பி, காமகுராவிலுள்ள தொகெய்ஜி மடத்தில் துறவியானாள். பின்னாளில் அம்மடத்தின் தலைவியுமான அவளோடு, 1645இல், ஹிதெயோஷியின் நேர்வழி அற்றது.