சோளிங்கர் போரும் பசியும்

சோளிங்கர் போர் இரண்டாம் ஆங்கிலேய - மைசூர்ப் போரின் ஒரு பகுதியாகும். இது 1781 செப்டம்பர் 27 அன்று, திருத்தணிக்கு மேற்கே ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் நடந்தது. இதில் சர் அயர் கூட் தலைமையிலான ஆங்கிலக் கம்பெனிப் படை ஐதர் அலியை வென்றது. ஆனால் வென்ற படையிடம் அரிசி இல்லை.

இதற்குக் காரணம் முந்தைய ஆண்டில் நடந்த அழிவு. 1780 ஜூலையில் ஆர்க்காட்டுச் சீமைக்குள் நுழைந்த ஐதரின் குதிரைப்படை, சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களை எரித்து, கால்நடைகளை ஓட்டிச் சென்றது. எதிரிப் படைக்கு உணவு கிடைக்கக் கூடாது என்பதே நோக்கம். உழவர்கள் நிலத்தை விட்டுச் சென்னைக்கு ஓடினர். கம்பெனிச் சிப்பாய்களோ பொதிமாடுகள் சுமந்து வரும் அரிசியை நம்பியே நடந்தனர். மாடுகள் குறைந்ததால் அரிசியும் குறைந்தது.

ஆகவே கூட் ஐதரைத் தொடர்ந்து துரத்த இயலாமல், தானியம் தேடி வடக்கே கார்வேட்டிநகர் பாளையத்துக்குள் சென்றார். திருத்தணியும் அந்தப் பாளையத்தைச் சேர்ந்ததே. சமவெளி எரிந்தபோது, மலைகள் சூழ்ந்த அவ்வூர்களில்தான் தானியம் எஞ்சியிருந்தது. படைக்குப் போன ஒவ்வொரு மூட்டையும் ஊராரின் குதிரிலிருந்து குறைந்ததாகும்.

போரைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. சென்னையில் 1782-இல் பட்டினியில் தவித்தோருக்காக மணியக்காரர் சத்திரம் தொடங்கப்பட்டது. அங்கு ஊற்றப்பட்ட கஞ்சியின் நினைவாக, பின்னர் அதிலிருந்து வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனை நெடுங்காலம் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைக்கப்பட்டது.