கைக்கு வந்த காப்பீடும் கைக்கெட்டாத நிபுணரும்: அமெரிக்கத் தாய்-கரு மருத்துவத்தின் வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் நான்கு, வருமானம் குறைந்தோருக்காக மத்திய அரசும் மாநில அரசுகளும் சேர்ந்து நடத்தும் மெடிக்கெய்டு என்னும் பொதுக் காப்பீட்டின் செலவில் பிறக்கின்றன. அக்குழந்தைகளைச் சுமக்கும் தாய்மாருள் நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இரட்டைக் கரு, முன்பு நேர்ந்த குறைப்பிரசவம் போன்ற காரணங்களால் மகப்பேறு மருத்துவரின் வழக்கமான கவனிப்பு மட்டும் போதாத நிலையில் இருப்போர், தாய்-கரு மருத்துவம் என்னும் உட்பிரிவில் தனிப்பயிற்சி பெற்ற நிபுணரிடம் அனுப்பப்படுகின்றனர். அந்த நிபுணர் மெடிக்கெய்டை ஏற்பவரா, ஏற்றாலும் அப்பெண் சேர்ந்துள்ள திட்டத்தின் பட்டியலில் இருப்பவரா, இருந்தாலும் எத்தனை மைல் தொலைவில் இருக்கிறார் என்று தேடி அலையும் வேலை பெரும்பாலும் கர்ப்பிணியின் தலையிலேயே விழுகிறது. இந்த அலைச்சல் நேற்று முளைத்ததன்று. பெரிய நகரங்களில் வளர்ந்த ஒரு மருத்துவமும், ஏழைகளுக்கான உதவித்தொகையிலிருந்து கிளைத்த ஒரு காப்பீடும் வெவ்வேறு வழிகளில் வந்து சந்தித்ததில் அதன் வேர் இருக்கிறது.

கருவையே நோயாளியாகக் கருதிச் சிகிச்சை அளிக்க முடியும் என்ற எண்ணம் உறுதிப்பட்டது 1963இல் எனலாம். தாயின் இரத்தம் ஆர்எச் நெகட்டிவாகவும் கருவின் இரத்தம் ஆர்எச் பாசிட்டிவாகவும் இருக்கும்போது, தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் கருவின் சிவப்பணுக்களை அழித்துவிடுவதுண்டு. பல குடும்பங்களில் அடுத்தடுத்த குழந்தைகள் இவ்வாறு கருவிலேயே இறந்துகொண்டிருந்தன. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் வில்லியம் லைலி, தாயின் வயிற்றையும் கருப்பையையும் ஊடுருவி நீண்ட ஊசியொன்றைக் கருவின் வயிற்றுக்குழிக்குள் செலுத்தி, அது சரியான இடத்தில் இருப்பதை எக்ஸ்ரே கொண்டு உறுதி செய்து, ஊசியின் வழியே நுண்குழாயை நுழைத்து இரத்தம் ஏற்றினார். வயிற்றுக்குழியிலிருந்து உறிஞ்சப்பட்ட அணுக்கள் கருவின் இரத்தத்தில் கலந்தன. முதல் முயற்சிகள் தோற்ற பின்னரே ஒரு குழந்தை பிழைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, நுரையீரல் முதிராததால் இரண்டே நாளில் இறந்தான். நாட்டின் முதல் குடும்பத்தாலும் அக்குழந்தைக்கு ஒரு வாரத்தைக்கூட வாங்கித் தர இயலவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1972இல், லைலி பணியாற்றிய அதே ஆக்லாந்து மருத்துவமனையிலிருந்து லிக்கின்ஸ், ஹோவி ஆகிய இருவரும், குறைப்பிரசவம் நெருங்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் கருவின் நுரையீரல் விரைந்து முதிர்கிறது என்று காட்டினர். அந்த ஊசி பிறப்புக்கு முன்பே போடப்பட வேண்டும் என்பதால், தாய் உரிய நேரத்தில் உரிய மருத்துவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறாளா என்பதே குழந்தையின் உயிரைத் தீர்மானிக்கும் கேள்வியாயிற்று.

இந்த அறிவு வளர்ந்த வேகத்தில், 1970களில் அமெரிக்க மகப்பேற்று மருத்துவ வாரியம் தாய்-கரு மருத்துவத்தைத் தனி உட்பிரிவாக ஏற்றுத் தேர்வு நடத்திச் சான்றளிக்கத் தொடங்கியது. 1977இல் இத்துறையினருக்கென ஒரு சங்கமும் தோன்றியது. மருத்துவப் படிப்புக்குப் பின் மகப்பேற்றுத் துறையில் நான்கு ஆண்டுகள், அதற்கும் மேல் இன்று மூன்று ஆண்டுகள் என நீளும் பயிற்சியைப் பல்கலைக்கழக மருத்துவமனைகளே அளிக்க முடிந்ததால், நிபுணர்களும் அவற்றைச் சுற்றியே குடியமர்ந்தனர். மார்ச் ஆஃப் டைம்ஸ் அறக்கட்டளையின் ஆதரவில் 1976இல் வெளிவந்த அறிக்கையொன்று இந்தக் குவிப்பையே ஒரு திட்டமாக மாற்றியது. மருத்துவமனைகளை மூன்று நிலைகளாகப் பிரித்து, சாதாரணப் பிரசவங்களை முதல் நிலையிலும், கடும் சிக்கல்களை வட்டாரத்துக்கு ஒன்றாக அமையும் மூன்றாம் நிலை மையத்திலும் பார்ப்பது என்று அது வகுத்தது. பிறந்த பின் குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றிச் செல்வதைவிடத் தாயின் வயிற்றிலேயே அதை மையத்துக்குக் கொண்டுசேர்ப்பது மேல் என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது. மருத்துவ நோக்கில் அது சரியான முடிவு. ஆயினும் தாய் பயணம் செய்ய வேண்டிய தொலைவையும், அந்தப் பயணத்துக்கான விடுப்பையும் கூலி இழப்பையும் யார் ஏற்பது என்பது அப்போது தீர்க்கப்படவில்லை.

காப்பீட்டின் கதை வேறிடத்தில் தொடங்குகிறது. தாய்மாருக்கும் சிசுக்களுக்கும் மத்திய அரசு பணம் ஒதுக்கிய 1921ஆம் ஆண்டின் ஷெப்பர்ட்-டவுனர் சட்டம், மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்புக்கிடையே 1929இல் காலாவதியானது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், கீழ்நிலை ஊதியம் பெற்ற படைவீரர்களின் மனைவியருக்குப் பிரசவச் செலவு முழுவதையும் அரசே ஏற்ற அவசரகாலத் திட்டம் சுமார் 12 இலட்சம் தாய்மாருக்கு உதவியது. வருமானச் சான்று கேட்காமலும், மருத்துவர் மேற்கட்டணம் வாங்க இடம் தராமலும் நடந்த அத்திட்டம் போர் முடிந்தபின் கைவிடப்பட்டது பேரிழப்பு. அது நிலைத்திருந்தால் பின்வந்த வரலாறு வேறாக இருந்திருக்கும்.

1965 ஜூலை 30 அன்று அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தின் வழியே பிறந்த மெடிக்கெய்டு, அந்த முன்மாதிரியைப் பின்பற்றவில்லை. குழந்தைகளுள்ள ஏழைக் குடும்பங்களுக்கான உதவித்தொகையோடு அது பிணைக்கப்பட்டதால், உதவித்தொகை பெறத் தகுதியற்றவர், குறிப்பாகக் கணவனோடு வாழ்ந்து முதல் குழந்தையைச் சுமக்கும் ஏழைப்பெண், பல மாநிலங்களில் வெளியிலேயே நின்றார். சேர்வதும் சேராததும் மாநிலத்தின் விருப்பமாக இருந்தமையால் அரிசோனா 1982இல்தான் சேர்ந்தது. சிசு மரணம் மிகுந்திருந்த தென் மாநிலங்களின் ஆளுநர்கள், தென் கரோலினாவின் ரிச்சர்ட் ரைலியை முன்னிறுத்தி 1980களின் நடுவில் இதை மாற்றக் கோரினர். 1984 முதல் ஆண்டுதோறும் சிறுசிறு திருத்தங்கள் வந்தன. 1986இல் வறுமைக்கோடு வரையுள்ள கர்ப்பிணிகளைச் சேர்க்க மாநிலங்களுக்கு அனுமதி கிடைத்தது. 1989ஆம் ஆண்டின் சட்டம், 1990 ஏப்ரல் முதல் வறுமைக்கோட்டின் 133 விழுக்காடு வரை வருமானமுள்ள கர்ப்பிணிகள் அனைவரையும் சேர்க்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

காப்பீடு விரிந்ததே தவிர, அதை ஏற்கும் மருத்துவர் கூட்டம் அதே அளவில் விரியவில்லை. செலவில் குறைந்தது பாதியை மத்திய அரசு கொடுத்தாலும், மருத்துவருக்கான கட்டணத்தை மாநிலமே நிர்ணயித்தது. அது தனியார் காப்பீடு தருவதைவிடப் பொதுவாகக் குறைவாகவே இருந்தது. அதே ஆண்டுகளில் மகப்பேறு மருத்துவர்கள் மீதான இழப்பீட்டு வழக்குகளுக்கான காப்பீட்டுத் தவணை ஏறியது. சிக்கலான கர்ப்பங்களை ஏற்கத் தயங்கியோர் பலர். 1989ஆம் ஆண்டின் சட்டம் இதையும் உணர்ந்திருந்தது: அவ்வட்டாரத்துப் பொதுமக்களுக்குக் கிடைக்கும் அளவுக்கேனும் சேவை கிடைக்குமாறு போதிய மருத்துவரை ஈர்க்கும் கட்டணத்தை மாநிலம் தர வேண்டும் என்ற விதியை அது சட்டத்தில் எழுதிவைத்தது. ஆனால் 2015இல் ஆம்ஸ்ட்ராங் வழக்கில் உச்ச நீதிமன்றம், அந்த விதியை நிறைவேற்றக் கோரிச் சேவை வழங்குவோர் மாநிலத்தின் மீது வழக்குத் தொடர முடியாது என்று தீர்ப்பளித்தது. உரிமை ஏட்டில் இருக்க, அதைக் கேட்டுப்பெறும் வழி அடைபட்டது.

1997ஆம் ஆண்டின் வரவுசெலவுச் சட்டத்துக்குப் பின், பயனாளிகளை மாதாந்திரத் தொகைக்குப் பொறுப்பேற்கும் காப்பீட்டு நிறுவனங்களிடம் ஒப்படைப்பது மாநிலங்களுக்கு எளிதாயிற்று. ஒவ்வொரு நிறுவனமும் தன்னோடு ஒப்பந்தம் செய்த மருத்துவர்களின் பட்டியலை வைத்திருந்தது. மெடிக்கெய்டை ஏற்கும் மருத்துவர்கூட வேறு நிறுவனத்தின் பட்டியலில் இருந்தால் அப்பெண்ணுக்குப் பயனில்லை. பட்டியலின் நம்பகத்தன்மையை அறிய மத்திய சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் அதிலிருந்த எண்களுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சோதித்து 2014இல் வெளியிட்ட அறிக்கை, பாதிக்குச் சற்று மேற்பட்ட மருத்துவர்களிடம் பயனாளிக்கு நேரம் ஒதுக்கிப் பெற முடியவில்லை என்றும், 35 விழுக்காட்டினர் பட்டியல் காட்டிய இடத்திலேயே இல்லை என்றும் கூறியது. மகப்பேற்றுக்கு மட்டுமான ஆய்வன்று அது. ஆயினும் நாள் எண்ணிக் காத்திருக்க முடியாத கர்ப்பிணிக்கு அதன் பொருள் மற்றெவரையும்விடக் கொடியது.

மாற்றுவழி இல்லாமலில்லை. ஆர்கன்சா மாநிலத்தில் 2003இல் கர்ட்டிஸ் லோவரி என்னும் தாய்-கரு மருத்துவரின் முயற்சியால், மாநிலப் பல்கலைக்கழக மருத்துவமனையும் மெடிக்கெய்டும் இணைந்து ஏஞ்சல்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கின. கிராமப்புறக் கர்ப்பிணி தன் ஊருக்கு அருகிலுள்ள மருத்துவமனையில் ஸ்கேன் மேசையில் படுத்திருக்க, லிட்டில் ராக் நகரிலிருந்து நிபுணர் அதே படத்தைத் திரையில் கண்டு ஆலோசனை கூறினார். உள்ளூர் மருத்துவர் நோயாளியை இழக்காமலே வழிகாட்டுதல் பெற்றார். நிபுணரைத் தேடும் சுமையைக் கர்ப்பிணியிடமிருந்து எடுத்து அமைப்பின் மீது வைத்தது இதன் தனிச்சிறப்பு.

பிரசவத்துக்குப் பின் 60 நாள்களில் முடிந்த மெடிக்கெய்டு காப்பீட்டை 12 மாதங்களுக்கு நீட்டிக்க 2021ஆம் ஆண்டின் சட்டம் மாநிலங்களுக்கு இடமளித்தது. 2024இல் மத்திய அரசு வெளியிட்ட விதி, மெடிக்கெய்டு பயனாளிகளைப் பொறுப்பேற்கும் காப்பீட்டு நிறுவனங்களில் மகப்பேறு மருத்துவரைக் காண 15 வேலை நாள்களுக்கு மேல் காத்திருக்கலாகாது என்றும், நோயாளி போல் அழைத்துச் சோதிக்கும் ஆய்வை ஆண்டுதோறும் நடத்த வேண்டும் என்றும் வகுத்தது. தாய்-கரு மருத்துவரைக் காண அவ்விதி தனியாகக் கெடு எதையும் வைக்கவில்லை.